சோத்துப் பை

குடலை அறுத்துத் தைத்திருந்ததால் பொன்னுரங்கத்துக்கு வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. நரம்பில் ஏறும் பைதான் சாப்பாடு. வார்டில் அதைச் சோத்துப் பை என்பார்கள். அவன் ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மிஷினே அளவு போட்டது. டாக்டர்கள் அதில் கைவைப்பதில்லை.

மூட்டை தூக்கிய மனுஷன் எலும்பாகக் கிடந்தான். பையோ நாளுக்கு நாள் சிறுத்தது.

“மிஷினுக்கு இவரு மேல என்ன கோவம்? கொறைச்சிக்கிட்டே வருதே,” என்று கேட்டாள் அவன் மனைவி செல்லாயி.

“சர்க்கரை ஏறுதுக்கா. ஏறினா அது பையில கொறைக்கும். ஏன் ஏறுதுன்னுதான் தெரியல,” என்றாள் நர்ஸ் ஜெசிந்தா. “வாயில எதுவும் குடுக்கலையே?”

“இவளா? பட்டினி போட்டு வேடிக்கை பாக்குறா,” என்று பொன்னுரங்கம் முந்திக்கொண்டான்.

செல்லாயி இடுப்பில் செருகியிருந்த பாட்டிலை முந்தானையால் மூடிக்கொண்டாள். பை சிறுக்கச் சிறுக்க, சேலைக்குள் மறைத்துக் கொண்டுவந்த சர்க்கரைத் தண்ணீரை அவள் கூட்டிக்கொண்டே போயிருந்தாள். அவள் ஊட்டியதைத்தான் மிஷின் பையிலிருந்து பிடுங்கியிருக்கிறது. சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் மனுஷன் மிஞ்சமாட்டான்.

ஜெசிந்தா அடுத்த பையை மாட்ட வந்தாள். முந்தின நாளையதில் பாதிகூட இல்லை.

“மாட்டாத தாயி. நாந்தான் இவருக்கு ஊட்டிக்கிட்டிருக்கேன்,” என்று பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

மறுநாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. பை பெருத்துத் தொங்கியது. பொன்னுரங்கம் அவளைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.