அபிதகுசாம்பாள் ஏறிய பஸ்

வேலூர் பஸ்ஸின் முன்சீட்டில் அபிதகுசாம்பாளைப் பார்த்ததும் தனக்கோடிக்குப் பகீரென்றது.

அந்த அம்மாளின் தம்பி ஜெகநாதன் முதலாளியின் அம்பாசடர் காரும் இன்றைக்கு இதே வேலூருக்கு, இதே லேபர் ஆபீசுக்குத்தான் போகிறது. அதில் சொகுசாகச் சாய்ந்து வராமல் இந்த அம்மாளுக்கு நெசவாளிக் கூட்டத்தில் என்ன வேலை?

ஒரு விஷயம் தெரியாவிட்டால் தனக்கோடிக்குச் சோறு இறங்காது. கண்ணமங்கலம் தாண்டியும் அவள் கண் அந்தக் கொண்டையை விட்டு நகரவில்லை.

"வேவு பாக்கத்தான் வந்துகினு இருக்கா," என்றாள் பக்கத்தில் இருந்த விருத்தாம்பாள்.

இருக்கும். புருஷன் செத்துத் தம்பி வீட்டோடு வந்த நாள் முதல், நெசவாளிகளுக்குப் பட்டும் ஜரிகையும் எடை போட்டுக் கொடுப்பவள் அவள்தான். திரும்பி வரும் சேலையில் குன்றிமணி குறைந்தாலும் வாங்கமாட்டாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நெசவாளி ஆரணியில் இல்லை.

அன்றைக்கு அமாவாசை, தறிக்கு லீவு. அதனால்தான் எல்லாரும் ஒன்றாகக் கிளம்ப முடிந்தது. தீபாவளியோடு கூலி நின்றுபோனது. சேலை விற்கட்டும், தருகிறேன் என்றார் முதலாளி. சேலை விற்றது, கூலிதான் வரவில்லை. தனித்தனியாகக் கேட்டு அலுத்துப்போய், சேர்ந்து கேஸ் போட்டிருந்தார்கள்.

ஆபீசில் முதலாளி வாய் கூசாமல் சொன்னார்.

"இவங்கள்லாம் யாருன்னே தெரியாது சார்."



இவரிடம்தான் வேலை செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சில் நடந்த வேலை. சாட்சி இல்லையென்றால் கூலி போனது போனதுதான்.

எல்லார் கண்ணும் சுவரோரம் நின்ற அபிதகுசாம்பாள் மேல் போய் நின்றது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் சோறு போடுகிற தம்பியை யார் விட்டுக்கொடுப்பார்கள்?

முதலாளி தன் பக்கத்து நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டார்.

அவள் அதில் உட்காரவில்லை. நேராக அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"இவங்க அத்தன பேருக்கும் எடை போட்டுக் குடுத்தது நான்தாங்க," என்றாள். "அப்படியே இவங்களோட என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க. அந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து எனக்கும் கூலி குடுக்கலைங்க."