மாத்திரைக்கு முன் ஒரு அத்தியாயம்

“நல்லா இருக்கு! மாமியா கட்டில்ல, மருமக கதைப் புத்தகத்துல!”

தோள் பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடியே சொன்னாள் ஜெசி. கோயம்புத்தூரிலிருந்து காரைக்குடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோட்டையூருக்கு டவுன் பஸ். களைப்பில் கோபம் சீக்கிரம் வந்தது.

நாற்காலியில் இருந்த ஜெரினா பதறி எழுந்தாள். கையில் இருந்த நாவலின் அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடைக்குள் நெருங்கி நின்றார்கள்.

“வாங்க மதினி. சொல்லியிருந்தீகன்னா இவுக பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாகளே.”

“தம்பி எங்க?”

“கோயில்ல கிறிஸ்துமஸ் குடில் போட்டுக்கிட்டு இருக்காக. இருங்க, காப்பி போடுறேன்.”

“நீ ஒண்ணும் போட வேணாம். நீ படி!”

ஜெசி அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாள். திரித்து வந்த மாவு பையிலேயே இருந்தது. வெல்லம் இன்னும் உடைக்கப்படவில்லை. மேடையின் ஓரத்தில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் பாதி திருத்திய நிலையில் கிடந்தன. ஜெரினா தனியார் பள்ளி ஆசிரியை. லீவு விட்டாலும் தாள் வீட்டுக்கு வந்துவிடும்.

“நாளை மறுநாள் கிறிஸ்துமஸ். தீபாவளிக்கு அக்கம்பக்கத்துல இருந்து எத்தனை தட்டு வந்திருக்கும்? அதையெல்லாம் வெறுந்தட்டாவா திருப்பிக் குடுக்கப் போற? ஒரு முறுக்குகூடப் பிழியலையே!”

“சாயங்காலம் ஆரம்பிச்சிருவேன் மதினி.”

“எப்ப? இந்தக் கதை முடிஞ்சப்புறமா?”

ஜெரினா தலை குனிந்தாள். “லீவுக்குப் படிக்கலாம்னு வாங்கினேன். அத்தைதான் சத்தமாப் படிக்கச் சொல்றாக.”

“எங்கம்மாவா? காதல் கதையா?”

கட்டிலிலிருந்து ஞானபூரணியின் குரல் வந்தது.

“வந்த உடனே ஏன்டி கத்துற? ஜெரினா, நீ இங்குட்டு வா. அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டுப் போயிருச்சே, அப்புறம் என்னாச்சு?”

ஜெசிக்கு நம்ப முடியவில்லை. தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கும் அம்மா. வீட்டில் சினிமாப் பாட்டு கேட்டாலே ரேடியோவை அணைத்த அம்மா. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதில் மூளையும் குழம்பிவிட்டதா?

“அம்மா, பக்கத்து வீட்டு அன்னக்கிளி அக்கா போன்ல சொன்னப்ப நான் நம்பலம்மா. மத்தியானமானா உங்க வீட்டு ஜன்னல்ல காதல் வசனம் கேக்குதுன்னு சிரிக்கிறாக. இந்த வயசுல உனக்கு இது தேவையா?”

“அவ சிரிச்சுட்டுப் போறா.”

“ஜெரினா போய் மாவு பிசையட்டும். நான் உன் பக்கத்துல உக்காந்து ஜெபமாலை சொல்றேன்.”

“அதெல்லாம் காலையிலேயே சொல்லியாச்சு. எனக்குக் கதைதான் வேணும். ஒரு அத்தியாயம் படிச்சாத்தான் மாத்திரை போடுவேன்.”

“பாத்தீகளா மதினி? தினமும் இப்படித்தான்” என்றாள் ஜெரினா. அலுப்பாகத்தான் சொன்னாள். ஆனால் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

படிக்க ஆரம்பித்தாள். மில் முதலாளியின் மகன் மழையில் நனைந்துகொண்டு அந்தப் பெண்ணின் ஊருக்குத் தேடி வருகிறான். எந்த வீடு என்று தெரியாமல் அவளுடைய அப்பாவிடமே போய் வழி கேட்கிறான். அந்த இடத்தில் ஜெரினா தானாகவே சிரித்துவிட்டாள். கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

ஜெசி கதவில் சாய்ந்து நின்று பல்லைக் கடித்தாள்.

இரண்டு பக்கம் தாண்டியதும் ஜெரினாவின் குரல் இழுத்தது. ஒரே வரியை மறுபடியும் படித்தாள். புத்தகம் மடியில் இறங்கியது. தலை நாற்காலியின் முதுகில் சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.

“அருமை!” என்றாள் ஜெசி. “கதை கேக்குற நோயாளி முழிச்சிருக்கா, படிக்கிறவ தூங்குறா! ஏய், ஜெரி...”

எழுப்பப் போனவளின் கையை ஞானபூரணி எட்டிப் பிடித்தாள். அசைந்ததில் இடுப்பு வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. ஆனாலும் பிடியை விடவில்லை.

“எழுப்பாத.”

“கதை பாதியில நிக்குதே. உனக்குத்தான் அது இல்லாம மாத்திரை இறங்காதே!”

“மெதுவாப் பேசுடி. மாத்திரைய எடு, போடுறேன்.”

ஜெசி மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தாள். அம்மா ஒரே மடக்கில் விழுங்கினாள்.

“ஏம்மா, அந்தப் பொண்ணோட அப்பா இப்ப என்ன சொல்லுவார்னு உனக்குத் தெரிய வேணாமா?”

“எந்தப் பொண்ணு?”

ஜெசி அம்மாவை உற்றுப் பார்த்தாள்.

“நான் எங்கடி கதையக் கேட்டேன்? மழை, முத்தம்னு... கண்றாவி. காதுல விழாம இருக்க மனசுக்குள்ள அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டுக் கெடக்கேன்.”

“பின்ன எதுக்கு தினமும் படி படின்னு உயிர வாங்குற?”

ஞானபூரணி, வாயைத் திறந்தபடி தூங்கும் மருமகளைப் பார்த்தாள்.

“செத்த உக்காருன்னு சொன்னா, வேலை கெடக்கு அத்தைன்னு ஓடிருவா. படின்னு சொன்னாத்தான் உக்காருறா.”