லிஃப்ட் வேலை செய்யாது

"இன்னும் மூணு மாடியா?" என்று கேட்டபடியே ரெஜி, படிக்கட்டு ஓரத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"மூணுதான். முதல்ல தண்ணியக் குடிங்க," என்று தம்ளரை நீட்டினாள் ஐலா.

கனடாவின் சட்பரி நகரத்தில் இருந்த அந்தப் பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடியில் ஓர் அறை பிடித்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஐலா. சொல்லிக் கொடுத்தாள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். எட்டு மாதத்தில் உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவர்.

"இன்ஸ்டாகிராம்ல வீடியோ போடாம எவன் வருவான்? கிறிஸ்துமஸ் வரைக்கும் பாரு. அப்புறம் பேசாம என் டயர் கடைக்கு வந்துடு," என்று அவள் அண்ணன் கெடு வைத்திருந்தான்.

கேமராவைக் கண்டால் ஐலாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆளை நேரில் பார்த்தால்தான் பேச்சு வரும். ஆனால் ஆள் கண்ணில் பட வேண்டுமே? ஐந்தாம் மாடி இன்சூரன்ஸ் ஆபீஸின் நாற்பது பேரும் லிஃப்டில் ஏறி அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் முதல் திங்கட்கிழமை, கீழே லிஃப்ட் கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'லிஃப்ட் வேலை செய்யாது.' நாற்பது பேரும் புஸ் புஸ்ஸென்று படியேறி வருவதைப் பார்த்த ஐலா, ஒரு நாற்காலியையும் ஒரு ஜக்குத் தண்ணீரையும் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். அவள் செய்த விளம்பரம் அவ்வளவுதான்.

"நானெல்லாம் ஹாக்கி ஆடினவன்மா," என்றார் ரெஜி, தண்ணீரைக் குடித்துவிட்டு.

"ஆடினது நீங்க. இப்ப ஏறுறது உங்க தொப்பை. அது புதுசு, பழக்கம் இல்ல. நாளைக்குச் சாயங்காலம் ரெண்டு பேருமா வாங்க."

ரெஜி சிரித்துவிட்டார். மறுநாள் வந்தும் விட்டார். அதற்கடுத்த நாள் கூடவே இரண்டு பேரை இழுத்து வந்தார். யாருக்கு எந்த முழங்கால், யாருக்கு முதுகு, யார் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் ஐலாவுக்கு அத்துப்படியாயிற்று. டிசம்பர் பிறந்தபோது பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். மூட்டுவலிக்காரி ஓப்பல் மட்டும் படியேறவில்லை. அட்டை தொங்குவதற்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அவளுடைய மேசையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தார்கள். "எனக்கு மச்சம்," என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் ஒருநாளும் உட்காராதவர் ஆபீஸ் மேனேஜர் மிஸஸ் ப்ராக்டர். அறுபது வயது, காதில் முத்துத் தோடு, வளையாத முதுகு. ஏறி வருவார். ஐலாவின் கதவில் ஒட்டியிருந்த பயிற்சி நேரப் பட்டியலை இரண்டு நிமிடம் உன்னிப்பாகப் படிப்பார். எல்லா நாளும் படிப்பார்.

"இந்த நாற்காலி வழியை அடைக்குது," என்பார். பிறகு மேலே போய்விடுவார்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை. ரெஜியும் இன்னும் நான்கு பேரும் வாசலில் நின்று அரட்டை அடித்துக்கொண்டிருந்தபோது 'டிங்' என்று சத்தம் கேட்டது. லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே தண்ணீர் கேன் போடுகிறவன் நின்றிருந்தான்.

"இது அஞ்சாவது மாடி இல்லியா? முழங்கை பட்டு ரெண்டு அமுங்கிடுச்சு போல," என்றான்.

"லிஃப்ட் ஓடுதா?" என்றார் ரெஜி.

"ஓடாம? வாரா வாரம் விடியக்காலையில இதுலதான் வர்றேன். இன்னிக்குப் பனியில லேட்டு."

"கதவுல அட்டை தொங்குதே?"

"கையில ரெண்டு கேன், தோள்ல ஒண்ணு. நான் எங்க சார் அட்டையப் படிக்கிறது?"

ஐந்து தலைகளும் ஐலா பக்கம் திரும்பின.

"ஏம்மா, நீயா?" ரெஜியின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

"சத்தியமா நான் இல்ல."

"பின்ன யாருக்கு இதுல லாபம்?"

ஐந்து பேரும் லிஃப்டுக்குள் ஏறிக்கொண்டார்கள். கதவு மூடியது. அன்று மாலை ஐந்து மணிக்கு யாரும் வரவில்லை. ஐந்தரைக்கும் வரவில்லை.

டயர் கடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வந்தது வரட்டும் என்று ஐலா ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

"மேடம், அந்த அட்டைய நான் மாட்டல. உங்க ஆளுங்க நம்ப மாட்டேங்கிறாங்க. நீங்களாவது..."

"நீ இல்லன்னு தெரியும். அது கட்டடத்து ஆளோட குளறுபடின்னு எல்லாருக்கும் இப்பதான் சொல்லி அனுப்பினேன். நாளைக்கு வந்துடுவாங்க," என்றார் மிஸஸ் ப்ராக்டர். "கதவைச் சாத்து."

சாத்தினாள். மிஸஸ் ப்ராக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து, பளபளவென்று ஒரு புது அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். 'பராமரிப்புப் பணி. மார்ச் வரை லிஃப்ட் இயங்காது.'

"காலையில எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி மாட்டிடு. போன தடவை நானே எக்கி நின்னு மாட்டினேன், இடுப்புப் பிடிச்சுக்கிச்சு."

ஐலா அட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன பாக்குற? தினமும் அஞ்சு மாடி ஏறணும்னு டாக்டர் சொல்லிட்டார். நாற்பது பேரும் லிஃப்ட்ல போறப்ப மேனேஜர் மட்டும் மூச்சிரைக்க ஏறி வந்தா, என் மரியாதை என்ன ஆகும்?"