பாப்பா எழுத்து

கயிறு கட்டி இழுத்தார்கள். முதலில் 'வா' மேலே ஏறியது.

"ஏ பட்டதாரி, நில்லு," என்றாள் அம்மா.

பஸ் போய்விடும் என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் என் காலும் நின்றுவிட்டது.

எதிரே, திறக்கப்போகும் ஒரு பொம்மைக் கடை. மூன்று மாடி. 'வாங்க விளையாடலாம்' என்று அதன் நெற்றியில் ஒவ்வொரு எழுத்தாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

அத்தனையும் அம்மாவின் எழுத்து.

அம்மா ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறாள். தலை நரைத்த பிறகுதான் என்னிடம் எழுதப் படித்தாள். சமையலறைத் தரையில் தாளை விரித்து, பென்சிலைக் கத்தி மாதிரிப் பிடித்து, புள்ளி வைக்கும் இடமெல்லாம் ஓட்டை விழுகிற அளவுக்கு அழுத்தி எழுதினாள்.

அந்தத் தாள்களை ஸ்கேன் செய்துதான் கணினிக்கான எழுத்துருவாக, ஃபாண்ட் ஆக்கினேன். பட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவளிடம் விற்பதற்கு வேறு என்ன சொத்து இருக்கிறது?

"குப்பையில போடுற காகிதத்த எவன்டி வாங்குவான்?" என்று அம்மா சிரித்தாள்.

இணையச் சந்தை ஒன்றில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே பொருள் மட்டும்தான் நம்முடையது. முகம் தெரியாத யார் யாரோ தங்கள் லிங்க்கைப் போட்டுக் கூவி விற்பார்கள். விற்றதில் பாதி அவர்களுக்கு.

சந்தைக்காரர்கள் முதலில் திருப்பி அனுப்பினார்கள். எழுத்தெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்கிறது, நிமிர்த்தி அனுப்பவும் என்றார்கள்.

முடியாது என்று பதில் போட்டேன். அதற்கு மேல் மரியாதை எனக்கு வராது.

எப்படியோ ஏற்றுக்கொண்டார்கள். மாதக்கணக்கில் ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு தாடிக்காரர் வந்தார். ஃபாண்ட்களைப் பற்றி வீடியோ போடுகிறவர். அவர் லிங்க்கில் மட்டும் மளமளவென்று விற்றது. மழலையர் பள்ளிகள், பிஸ்கட் கம்பெனி, பல்பொடி. அப்படி என்னதான் சொல்லி விற்கிறார் என்று போய்ப் பார்த்தேன்.

நான் வைத்திருந்த பெயர் பொடி எழுத்தில் கீழே கிடந்தது. மேலே கொட்டையாக அவருடைய தலைப்பு: 'பாப்பா எழுத்து! ஐந்து வயதுக் குழந்தையின் கைவண்ணம்!'

அந்தச் சாய்வைப் பாருங்கள், அந்த வெள்ளந்தித்தனத்தைப் பாருங்கள் என்று வீடியோவில் உருகிக்கொண்டிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. போகிற இடமெல்லாம் கைநாட்டு என்று கேலி வாங்கியவள் முட்டி மோதி எழுதப் படித்தால், அது பாப்பா எழுத்தா?

அவரை நீக்கும் பொத்தான் என் கைப்பேசியில்தான் இருக்கிறது. அழுத்தினால் வியாபாரம் படுத்துவிடும். அழுத்தாவிட்டால் என்றைக்காவது அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்ச நாளாகச் சாப்பிடும்போதுகூட அந்தப் பொத்தானைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

'ங்' ஏறியது.

தாளைக் கிழித்த அதே புள்ளி. இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, ஆகாயத்தை ஓட்டை போட்டதுபோல் கறுப்பாக நின்றது.

போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். 'ட'வைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அம்மா அதை அடிக்கடி தவறாக எழுதி, எச்சில் தொட்டு விரலால் அழிப்பாள்.

அதன் நிழல் சாலையைக் கடந்து வந்து எங்கள் மேல் விழுந்தது.

நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன்.

அம்மா எழுத்துக்கூட்டினாள். உதடுகள் மட்டும் அசைந்தன. தெருவில் எதையாவது படிக்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று அக்கம்பக்கம் திரும்புவாள். இன்று திரும்பவில்லை.

கடைசி 'ம்' ஏறி உட்கார்ந்ததும் கீழே நின்றவர்கள் கைதட்டினார்கள்.

பக்கத்தில், இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண் அம்மாவிடம் சொன்னாள்: "யாரோ குட்டிப் பாப்பா எழுதினதாம்கா. கடைக்காரங்க சொன்னாங்க. எவ்ளோ அழகு!"

தொலைந்தேன். கைப்பேசியை எடுத்தேன். பொத்தானின் மேல் என் விரல்.

அம்மா மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பாப்பாவேதான்மா," என்றாள். "டீச்சர்தான் சரியான சிடுமூஞ்சி. பாரேன், எப்பத் திட்டு விழுமோன்னு ஒவ்வொண்ணும் எப்படி ஒதுங்கி நிக்குதுன்னு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். இடுப்பில் இருந்த பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது.

என் கையில் திரை தானாகவே அணைந்திருந்தது.

நான் மறுபடி அண்ணாந்து பார்த்தேன். மூன்று மாடி உயரத்தில், அத்தனை எழுத்துகளும் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றன.

சமையலறைத் தரையில் நான் எப்போதும் உட்காருவது அம்மாவின் வலப்பக்கத்தில்.