பத்தில் இருக்கட்டும்

கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் வில்சன் வளர்த்த பவளங்கள், புது விளக்கை முதல் நாளே முழு வெளிச்சத்தில் போட்டதால் வெளுத்துப்போயின. அதன்பின் இருபது சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து ஐந்தாக வெளிச்சத்தை ஏற்றினான். அறுபதை எட்டியபோது பவளங்களுக்குப் பழைய ஊதா திரும்பியிருந்தது. தன் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று அலுவலகத்தில்கூடச் சொல்லிக்கொண்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை உடம்புக்கு முடியாமல் மதியமே வீடு திரும்பினான். சன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. அவன் மனைவி பியூலா முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தாள். தொட்டி விளக்கு பத்தில் இருந்தது.

"யாரு குறைச்சது?"

"நான்தான். தினமும் நீங்க போனதும் குறைப்பேன், வர்றதுக்கு முன்னாடி ஏத்திருவேன். அந்த வெளிச்சத்துல தலைவலி மண்டையப் பொளக்குது."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் தொட்டிக்கு உப்புத்தண்ணி கலக்கிக்கிட்டு இருந்தீங்க."

வில்சன் தொட்டியைப் பார்த்தான். அந்த மங்கலில் பவளங்கள், அவன் ஒருநாளும் கண்டிராத அளவுக்கு விரிந்து அசைந்துகொண்டிருந்தன. விளக்கின் திருகில் கைவைத்தான்.

"அணைச்சிரவா?"

"வேண்டாம். அதுகளும் பாவம். பத்துலயே இருக்கட்டும்."

ஷூவைக்கூடக் கழற்றாமல் அவள் அருகில் தரையில் உட்கார்ந்து, சோபாவில் தலையைச் சாய்த்தான். கண்ணைத் திறக்காமலேயே பியூலாவின் கை அவன் நெற்றியைத் தேடிவந்து தொட்டது.

"இப்படிக் கொதிக்குது. நீங்க சொல்லவே இல்லையே?"