ப்ளம் கேக்கும் ஐந்தாவது கேள்வியும்

“யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாது. வாயைத் திறந்தா வெளியில அனுப்பிடுவேன்” என்றார் டாக்டர் பிரெண்டர்காஸ்ட்.

பாலிகார் ரேஸ்கோர்ஸின் முதலுதவி அறையில் டர்லோ ஹான்லன் மல்லாந்து கிடந்தான். மூக்கு நுனிவரை சேறு. தலைகுப்புற விழுந்த ஜாக்கியை டாக்டர் ஐந்து கேள்வி கேட்பார். ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னால்தான் மறுபடி குதிரை ஏறலாம். ஒன்று தப்பினாலும் மூன்று வாரம் ஓய்வு. மற்ற ஊர்களில் இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம். பிரெண்டர்காஸ்ட் கோட்டுப் பொத்தானைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, போப்பாண்டவர் தோரணைக்கு வந்து சேர்வதற்குள் காயமே ஆறிவிடும்.

டர்லோவுக்கோ அவசரம். ஏழு வருஷமாகப் பந்தயக் குதிரை மேல் வேலி தாண்டுகிறான். ஒரு பந்தயம்கூட ஜெயித்ததில்லை. இன்றைக்கும் ஜெயிக்காவிட்டால் திங்கட்கிழமை மச்சானின் டயர் கடையில் சேர்ந்துவிடுவதாக மனைவி ஓர்லாவுக்கு மாதா படத்தின் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தான். இருந்ததே இரண்டு பந்தயம். ஒன்றில் விழுந்தாயிற்று. இன்னொன்று அரை மணியில்.

அவன் ஏறியிருந்த ப்ளம் கேக் என்கிற சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை, கடைசிக்கு முந்தின வேலியைப் பூப்போலத் தாண்டியதுவரை நினைவிருந்தது. அப்புறம் இந்த அறையின் கூரைதான். கடைசி வேலி வாரிவிட்டிருக்கிறது.

“அவளுக்கு அடி ஏதும் இல்லையே?”

“புல்லு மேயறா” என்றாள் நர்ஸ். டாக்டர் முறைத்தார்.

அதற்குள் நிர்வாகத்து ஆள் ஒருவர் எட்டிப் பார்த்து, அடிபட்டவருக்கு எடை பார்ப்பதிலிருந்து விலக்கு என்று அரசாணை வாசிப்பதுபோல அறிவித்துவிட்டுப் போனார். பந்தயத்தை முடித்தவனைத்தான் எடை பார்ப்பார்கள்; விழுந்தவனை எடை போட்டு என்ன செய்வதாம் என்று டர்லோவுக்குச் சிரிப்பு வந்தது, விலா வலித்தது.

வாசலில் ஓர்லா, செருப்பைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. டாக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்ற சக ஜாக்கி மோஸி, அவனை நோக்கி விரலை நீட்டி நீட்டிக் குத்தினான். ‘நீ தொலைஞ்சேடா’ என்கிறான் போலிருக்கிறது.

டாக்டர் ஆரம்பித்தார். பேர் சொன்னான். கிழமை சொன்னான். ஊர் சொன்னான். மனைவி பேரையும் சொன்னான். அதை மறந்திருந்தால் டாக்டரின் தண்டனையே தேவைப்பட்டிருக்காது.

“ஐந்தாவது. இப்ப முடிஞ்ச பந்தயத்தில ஜெயிச்சது யாரு?”

மோஸியின் விரல் காற்றைத் துளைத்தது. டர்லோ கண்ணை மூடிக் கணக்குப் போட்டான். பின்னாலேயே மூச்சுவிட்டுக்கொண்டு வந்தது, எல்லோரும் பணம் கட்டியிருந்த குதிரைதான்.

“லார்ட் கில்மோர்.”

“தப்பு. மூணு வாரம்.”

டர்லோ எழுந்து உட்கார்ந்துவிட்டான். “டாக்டர், இன்னொரு தடவை. என்னைத் தவிர வேற எவன் ஜெயிச்சிருந்தாலும் யோசிச்சுச் சொல்லிடறேன்.”

டாக்டர் கையெழுத்துப் போட்டார். டர்லோ வாசல் பக்கம் திரும்பினான்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு ஓர்லா. திங்கட்கிழமை வந்துடறேன்.”

பிரெண்டர்காஸ்ட் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றியதும் சாதாரண மனுஷர் முகம்தான் தெரிந்தது.

“இப்ப நீங்க சொல்லலாம்மா.”

ஓர்லா செருப்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, சேற்றோடு அவன் முகத்தை ஏந்திக்கொண்டாள்.

“மடையா, ஆறு குதிரை நீளம் முன்னாடி ஜெயிச்சுட்டு, முடிவுக் கம்பத்தைத் தாண்டினதும் ரெண்டு கையையும் விட்டுட்டு எனக்கு முத்தம் பறக்கவிட்டியே, அப்பத்தான்டா விழுந்தே.”