பல் கூசும் குளிர்

பீளமேட்டில் சீனிவாசலுவின் மளிகைக்கடைக்குப் புதிதாக வந்த கண்ணாடிக் குளிர்பெட்டிக்குள் இரண்டு முறை வெண்ணெய் உருகிவிட்டது. இன்றும் குளிராவிட்டால் வேலைக்கே வராதே என்று சொல்லித்தான் கம்பெனி முதலாளி மெக்கானிக் ரங்கனை அனுப்பியிருந்தார்.

ரிப்பேர் முடிந்து பெட்டி ஓடத் தொடங்கி வெகுநேரமாயிற்று. வாசலில் நின்று, கடைக்காரர் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தான் ரங்கன்.

"பொட்டியத் தொட்ட கையோட வெண்ணெயத் தொட்டியாடா?"

"இல்லீங்க சாமி."

"தொட்டிருந்தா நாய்க்குத்தான் போடோணும். செரி, குளிருதான்னு பாக்கறேன்."

கதவைத் திறந்து உள்ளே இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். ரங்கன் ஓரடி முன்னே வந்தான்.

"சாமி, அதுவந்துங்க..."

"பேசாம நில்றா."

அண்ணாந்து மடமடவென்று பாதியைக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"பல்லு கூசுதப்பா. இந்தப் பொட்டி இருக்கட்டும்."

அப்போதே முதலாளிக்குப் போன் போட்டு, ரங்கனின் வேலையைப் புகழ்ந்து தள்ளினார். போனை வைத்தவரிடம் ரங்கன் கை நீட்டினான்.

"என்ற பாட்டிலக் குடுங்க. குளிருதான்னு பாக்கறதுக்கு நான் வெச்சது. காலையில வாய் வெச்சுக் குடிச்சதுபோக மீதிங்க அது."